பட்டையைக் கிளப்பாதே... கழட்டு!

டிஸ்கி: தலைப்புல வர்ற பட்டை விபூதிப் பட்டையும் இல்ல, சாராயப் பட்டையும் இல்ல. லாரி, வேன், பிக்கப்புக்கு அடியில வில்லு மாதிரி வளைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. வண்டி பிடிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம், கடைசியில அருவாமனை வருது :-)

ஒரு பழைய பிக்கப்பைக் குறைஞ்ச செலவுல எப்படிக் கீழ இறக்குறது? ரெண்டு மாசமா எங்க குடும்பத்துல இதே பேச்சு. கேட்டது ரெண்டு பேரு. ஒருத்தர் என் மாமா, திருவண்ணாமலையில தண்ணி கேன் போடுறவர். இன்னொருத்தன் அவர் பையன், காலேஜ்ல ரெண்டாவது வருஷம். ரெண்டு பேரும் ஒரே வண்டியை இறக்கணும்னுதான் சொன்னாங்க. ஆனா காரணம் ஒண்ணு தெற்கு கோபுரம்னா இன்னொண்ணு வடக்கு கோபுரம்.

மாமாவோடது பழைய மஹிந்திரா பிக்கப். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பட்டைதான். ஏழெட்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்டுல வாங்கினது. அப்ப அவர் லோடு அடிச்சிட்டிருந்தாரு. கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பக்கத்திலேர்ந்து நெல் மூட்டை, இல்லாதப்ப சூளையிலேர்ந்து செங்கல். அப்புறம் முதுகு போச்சு. டிஸ்க் நகர்ந்திருக்கு, கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. கனம் தூக்காம பொழைக்கிற தொழில் எதுன்னு அவரு சொல்லல. மாமா யோசிச்சு எடுத்த தொழில் தண்ணி கேன். இருபது லிட்டர் கேன், தண்ணி மட்டும் 20 கிலோ. இதுல எங்க கனம் தூக்காம இருக்கிறதுன்னு கேக்காதீங்க. மூட்டையைவிட பரவாயில்லன்னு அவரே சொல்லிக்கிட்டாரு.

இப்ப நடக்கிறது என்னன்னா, ஒரு நடைக்கு 50 கேன், அதாவது ஒரு டன். மாமா கீழேர்ந்து தூக்கி பாடி ஓரத்துல வைக்கணும், அத்தை மேல நின்னு இழுத்து அடுக்கணும். செங்கம் ரோடு லாட்ஜு, ஆசிரமம் பக்கத்து வீடுங்க, டீக்கடைங்கன்னு இறக்கிட்டு காலி கேனோட திரும்பி அடுத்த நடை. அத்தைக்கு முட்டி வலி. அவங்க பாடி மேல ஏற்றதுக்கே ஒரு காலி கேனைக் கவுத்துப் போட்டு, அது மேல கால் வச்சு, பின் கதவு சங்கிலியைப் புடிச்சு... பார்க்கிறதுக்கே பயமா இருக்கும்.

நான் ஊருக்குப் போயிருந்தப்ப டேப் வச்சு அளந்தேன். தரையிலேர்ந்து பாடி தரை வரைக்கும் 96 சென்டிமீட்டர். மாமாவுக்கு நெஞ்சுக்கிட்ட வருது. இதுல இன்னொரு கொடுமை, காலி வண்டிதான் உயரமா நிக்கும். முதல் கேனைத்தான் ரொம்ப மேல தூக்கணும். லோடு ஏற ஏற வண்டி கொஞ்சம் அமுங்கி கடைசி கேனுக்குள்ள சுலபமாகணும். இவர் வண்டி 50 கேன் ஏத்தியும் 91க்குதான் வந்துச்சு. ஒரு டன் ஏத்தினதுக்கு அஞ்சே சென்டிமீட்டர். ஸ்பிரிங்கா இல்ல அது, கருங்கல்லு.

இப்ப பையன் கதைக்கு வருவோம். அவன் யூடியூப்ல அமெரிக்கா பிக்கப்பா பார்க்கிறான். தரையோட தரையா ஒட்டிக்கிட்டு, வயிறு உரசுற மாதிரி ஓடுற வண்டிங்க. 'மச்சான், அப்பா வண்டியை லோ பண்ணிட்டா பாடியும் இறங்கிடும், கெத்தாவும் இருக்கும், ரெண்டு மாங்கா' அப்படின்னான். வடிவேலு பாணியில 'வாலிப வயசு' சொல்லிட்டு விட்டுடலாம்தான். ஆனா அவன் காட்டின வீடியோவுக்குப் பின்னாடி இருக்கிற கதை சும்மா கெத்து கதை இல்ல. காசு இல்லாதவன் கதை.

ரெண்டாம் உலகப்போர் சமயத்துலயும் அதுக்கப்புறமும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் மெக்சிகோ வம்சாவளிப் பசங்க பழைய காரை வாங்கி இறக்க ஆரம்பிச்சாங்க. அதுக்குன்னு ஸ்பெஷல் சாமான் வாங்கக் காசு கிடையாது. டிக்கியில மணல் மூட்டையைப் போட்டாங்க, பின்பக்கம் இறங்கிடுச்சு. சிலர் ஸ்பிரிங்கையே அறுத்தாங்க. கலிஃபோர்னியா அரசாங்கம் சும்மா இருக்குமா? வீல் ரிம்மோட அடிமட்டத்துக்குக் கீழ காரோட எந்தப் பாகமும் வரக்கூடாதுன்னு 1958 ஜனவரி 1லேர்ந்து சட்டம். அடுத்த வருஷமே, 1959ல, ரான் அகிரேன்னு ஒருத்தர் தன் கார்வெட்டுல ஹைட்ராலிக் பம்பை மாட்டிட்டாரு. போலீஸ் வந்தா ஒரு சுவிட்ச், கார் மேல ஏறிடும். போலீஸ் போனதும் இன்னொரு சுவிட்ச். நம்ம ஊர்ல ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சிருந்து சிக்னல் வந்ததும் மாட்டுவாங்களே, அதேதான், கொஞ்சம் செலவு ஜாஸ்தி. அந்தச் சட்டம் 2023ல வந்த ஒரு மசோதா மூலமா நீங்கி, 2024 ஜனவரி 1லேர்ந்து தடை போயிடுச்சு. அறுபத்தாறு வருஷம்!

இந்தக் கதையை மாமாகிட்ட சொன்னேன். சிரிச்சாரு. 'மாப்ள, அவன் மணல் மூட்டையைப் போட்டதும் வண்டி இறங்கிச்சு. நான் ஆயிரம் செங்கல்லு ஏத்தினப்பவும் நம்ம வண்டி அசையலையே. ஏன்னு தெரியுமா?'

அந்த ஏன்லதான் எல்லாமே இருக்கு.

நம்ம ஊர்ல பழைய பிக்கப்னு ஒண்ணை எடுத்துக்கிட்டா, பெரும்பாலும் அது கம்பெனி விட்ட உயரத்துலயே இருக்காது. யாரோ ஒருத்தர், எப்பவோ, தூக்கியிருப்பாங்க. அழகுக்காக இல்ல. ஆர்.சி.யில ஒண்ணேகால் டன்னு போட்டிருக்கும், ஓட்டுறவருக்கு மூணு டன் ஏத்தினாதான் டீசல் போக கையில நிக்கும். ஆயிரம் செங்கல்னா சுமாரா மூணு டன். கம்பெனி பட்டை அதுக்குத் தாங்காது, பாடி டயர்ல போய் உட்கார்ந்துக்கும். உடனே பட்டறைக்குப் போய் 'எக்ஸ்ட்ரா ரெண்டு பட்டை போடு மேஸ்திரி'. வேலை முடிஞ்சுது.

திண்டிவனம் ரோட்டுல ஒரு பட்டை மேஸ்திரிகிட்ட வண்டியைக் கொண்டுபோனோம். அறுபது வயசிருக்கும். வண்டிக்கு அடியில குனிஞ்சுகூட பார்க்கல, பின்னாடி நின்னு பார்த்துட்டே, 'இன்னாணா, லாரி பட்டையை சொருகி வச்சினுகீறே'ன்னு மாமாவைக் கேட்டாரு. மாமா, 'நான் இல்ல மேஸ்திரி, வாங்கும்போதே அப்படித்தான்'னாரு. அப்புறம் ஜாக்கி போட்டு எண்ணிப் பார்த்தோம். கம்பெனி பட்டை ஆறு, ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டர் கனம். அதுக்கு மேல வேற ஏதோ பெரிய வண்டியிலேர்ந்து கழட்டிப் போட்ட பட்டை ரெண்டு, 10 மில்லிமீட்டர் கனம்.

எட்டுக்கும் பத்துக்கும் ரெண்டே மில்லிமீட்டர்தானேன்னு தோணும். எனக்கும் இஞ்சினியரிங் படிச்சது இந்த ஒரு இடத்துலதான் உபயோகமாச்சு. ஒரு பட்டையோட விறைப்பு அதோட கனத்தோட கனமூலமா... இல்ல இல்ல, முப்படி மடங்கா ஏறும். கனத்தை அதே கனத்தால ரெண்டு தடவை பெருக்கணும். எட்டை மூணு தடவை பெருக்கினா 512. பத்தை மூணு தடவை பெருக்கினா 1000. அப்ப ஒரு லாரி பட்டை கிட்டத்தட்ட ரெண்டு கம்பெனி பட்டைக்குச் சமம். நீளம் எல்லாம் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, ஆறு பட்டை இருந்த இடத்துல பத்து பட்டை இருக்கிற மாதிரி. எட்டு சென்டிமீட்டர் அமுங்க வேண்டியது அஞ்சுக்கு நின்னுடுது. நான் டேப்ல அளந்த அந்த அஞ்சு!

இது போதாதுன்னு ஷாக்கிளையும் நீட்டி வச்சிருந்தாங்க. பட்டையோட ஒரு முனை சேஸ்ல நேரா பின் போட்டு நிக்கும், இன்னொரு முனை ஊஞ்சல் மாதிரி ஆடுற ரெண்டு சின்ன இரும்புத் தகடுல தொங்கும். வண்டி குலுங்கும்போது பட்டை நிமிர்ந்து நீளமாகும் இல்லையா, அதுக்கு இடம் குடுக்கிறதுக்கு. அதுக்குப் பேருதான் ஷாக்கிள். ஒரிஜினலைவிட நாலு சென்டிமீட்டர் நீளமா ஒண்ணை வெட்டி மாட்டியிருந்தாங்க. ஒரு முனையை மட்டும் தூக்குறதால நடுவுல இருக்கிற ஆக்ஸில் கிட்ட பாதிதான், ரெண்டு சென்டிமீட்டர், உயரம் கிடைக்கும். அதுவும் ஒரு ஆளுக்குத் தேவைப்பட்டிருக்கு பாருங்க.

(சின்ன கொசுவத்தி. இந்தப் பட்டைக்கு நம்ம தமிழ்ல வில்லுன்னே பேரு. வில் வண்டின்னா பண்ணையார் வண்டி, குலுங்காம போகும். மாட்டு வண்டியில போனவனுக்கும் வில் வண்டியில போனவனுக்கும் நடுவுல இருந்தது வெறும் இரும்பு இல்ல. 1893ல கேரளாவுல அய்யங்காளி, தன் சாதிக்காரங்க நடக்கவே கூடாதுன்னு வச்சிருந்த பொது ரோட்டுல வில் வண்டி கட்டிக்கிட்டுப் போனாரு. அந்த வில்லோட பேரப்புள்ளைதான் மாமா வண்டிக்கு அடியில செங்கல் சுமந்துக்கிட்டு இருந்துச்சு. சரி, விஷயத்துக்கு வருவோம்.)

மேஸ்திரி பட்டையை எண்ணி முடிச்சதும் மச்சான் தன்னோட ஐடியாவையெல்லாம் வரிசையா எடுத்து விட்டான். வீடியோவுல பார்த்தது. முதல் ஐடியா, காசே செலவில்லாதது, கேஸ் வெல்டிங் தீயைக் காட்டி பட்டையைச் சூடாக்கினா தானா தொய்ஞ்சு இறங்கிடும். மேஸ்திரிக்கு கோவமே வந்துடுச்சு. 'தம்பி, இந்த இரும்புக்கு உசுரே அதோட பதம்தான். சூடு காட்டினா பதம் பூடும். அப்புறம் அது பட்டை இல்ல, தகரம். ஒரு நாளு மேட்டுல போறப்ப டப்புன்னு ஒடியும்.' அவர் சொன்னது சரி. பட்டைக்குப் போடுற ஸ்பிரிங் ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில முக்கி, மறுபடியும் அளவாச் சூடு பண்ணிதான் அந்தத் துள்ளலைக் கொண்டு வர்றாங்க. கண்டபடி தீயைக் காட்டினா அந்த வேலை அத்தனையும் வீண். வளைவைக் குறைக்கணும்னா சூடில்லாம சம்மட்டியால அடிச்சே நிமிர்த்துவாங்க. அதுக்கும் கை வேணும்.

ரெண்டாவது, கம்பெனி பட்டையிலயே மூணை உருவிட்டு மூணோட ஓட்டுறது. நல்லா இறங்கும்தான். ஆனா பட்டைங்கிறது வண்டியைத் தாங்குறதோட வேலை முடியறதில்ல. ஆக்ஸிலை அதோட இடத்துல புடிச்சு வைக்கிறதும் அதுதான். பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் சுருட்டிக்கப் பார்க்கும், அப்ப பட்டை எஸ் மாதிரி நெளியும். பட்டை கம்மியானா நெளிசல் ஜாஸ்தி, மெயின் பட்டை ஒடிஞ்சா ஆக்ஸிலே ஒரு பக்கம் நகர்ந்துடும். ஒரு டன் தண்ணியோட.

மூணாவதுதான் அமெரிக்காவுல நிஜமாவே பண்றது. ஆக்ஸிலுக்கு மேல உட்கார்ந்திருக்கிற பட்டையைக் கழட்டி ஆக்ஸிலுக்குக் கீழ மாட்டிடுறது. ஒரே அடியில அரை அடி வரைக்கும்கூட இறங்கிடும். பொட்டல் மாதிரி ரோடு இருக்கிற ஊர்ல சரி. அதுக்கு மேல சேஸ்ல ஆக்ஸில் இடிக்காம இருக்க இரும்பை வெட்டிக் குடைஞ்சு பட்டி வச்சு பற்றவைக்கணும். அந்த வேலை முடிஞ்சா போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் ஏறுற மலை ரோட்டை விடுங்க, எங்க தெரு முனை வேகத்தடையையே தாண்டாது. நாலாவது ஐடியா சின்ன டயர். விட்டம் அஞ்சு சென்டிமீட்டர் குறைஞ்சா வண்டி இறங்குறது அதுல பாதிதான், அதுக்கு நாலு டயர் காசு. ரிஜெக்டட்.

ஆனா நான் பயந்தது இது எதுக்கும் இல்ல. பிரேக்குக்கு.

இந்த மாதிரி லோடு வண்டி பலதுல பின் ஆக்ஸில் மேல ஒரு சின்ன வால்வு இருக்கும். சேஸ்ல ஒரு பக்கம், ஆக்ஸில்லேர்ந்து ஒரு கம்பி இழுத்து அதுல மாட்டியிருக்கும். வண்டியில எவ்வளவு லோடு இருக்குன்னு அந்த வால்வுக்குத் தெரியாது. சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்கிறது மட்டும்தான் தெரியும். தூரம் ஜாஸ்தியா இருந்தா 'வண்டி காலி'ன்னு நினைச்சு பின் வீலுக்கு பிரேக்கைக் குறைச்சுக் குடுக்கும், இல்லன்னா காலி வண்டியில பின் வீல் லாக் ஆகி வழுக்கும். தூரம் கம்மியானா 'லோடு இருக்கு'ன்னு முழு பிரேக்கையும் விடும். நல்ல ஏற்பாடு, வண்டி கம்பெனி உயரத்துல இருக்கிற வரைக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. லாரி பட்டையும் நீள ஷாக்கிளும் போட்டுத் தூக்கின வண்டியில மூணு டன் செங்கல் இருந்தாலும் வால்வு காலின்னுதான் நினைக்கும். பின் பிரேக் அரைகுறை. அத்தனை பாரத்தையும் முன் பிரேக் ஒண்ணே நிறுத்தணும். மாமா அஞ்சாறு வருஷம் அப்படித்தான் ஓட்டியிருக்காரு. முன் பிரேக் பேடு ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுதுன்னு அடிக்கடி புலம்புவாரு, பதில் பின்னாடி இருந்திருக்கு. மச்சான் சொல்ற மாதிரி தரையோட இறக்கினா இதே வால்வு தலைகீழா ஏமாறும். காலி கேனோட வர்றப்பவும் லோடுன்னு நினைச்சு முழு பிரேக் விடும். மழையில பெரிய தெருவுல திடீர்னு ஒரு ஆளு குறுக்கே வந்தா பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும்.

சட்டமும் இதையேதான் வேற பாஷையில சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் கேரளா வழக்கு ஒண்ணுல இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அந்த வருஷமே வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும்கூட சேர்ந்து வரலாம். ஓவர்லோடுக்கு 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2000. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேற. தூக்கினாலும் தப்பு, தரையோட இறக்கினாலும் தப்பு. கம்பெனி உயரத்துக்குத் திரும்புறது மட்டும்தான் யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாத இறக்கம்.

அப்ப முடிவு சுலபம்தானே? எக்ஸ்ட்ரா பட்டையை உருவு, ஒரிஜினல் ஷாக்கிளை மாட்டு, கிளம்பு. இல்ல. அங்கதான் மாமா நின்னுட்டாரு.

தண்ணி கேன் தினம் சாப்பாடு போடும், அவ்வளவுதான். மச்சானோட காலேஜ் ஃபீஸ், தவணை எல்லாம் இன்னும் மாசத்துல நாலஞ்சு செங்கல் நடையில வர்ற காசுலதான் போயிட்டிருந்துச்சு. சூளைக்காரரு ஆள் போட்டு ஏத்தி, ஆள் போட்டு இறக்கிடுவாரு, மாமா ஓட்டினா போதும். பட்டையைக் கழட்டினா செங்கல் நடை போச்சு. ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் ஃபீஸ். மேஸ்திரி பீடியைப் பத்த வச்சுக்கிட்டு, 'வூட்ல கேட்டுக்கினு வாணா, பட்டை இங்கதான் இருக்கும்'னாரு.

வீட்டுல அத்தை ஒண்ணும் பெரிசா பேசல. ஒரு நோட்டை எடுத்துட்டு வந்து வச்சாங்க. பால்காரன் கணக்கு எழுதுற நோட்டு. கடைசிப் பக்கத்துல மாமாவோட ஸ்கேன், ஊசி, பிசியோதெரபி, முன் பிரேக் பேடு, டயர், ரெண்டு தடவை கட்டின ஓவர்லோடு ஃபைன் எல்லாம் தேதியோட. 'செங்கல்லுல வந்தது எவ்ளோன்னு நீங்க சொல்லுங்க. போனது எவ்ளோன்னு நான் எழுதி வச்சிருக்கேன்.' மாமா கூட்டிப் பார்க்கல. நோட்டைத் திருப்பிக் கவுத்து வச்சிட்டு சட்டையை மாட்டிக்கிட்டாரு. மச்சான் அன்னிக்கு ராத்திரி என்கிட்ட தனியா, சாயங்காலம் ஏதாவது கடையில வேலைக்குப் போறேன்னு சொன்னான். லோ ரைடர் பேச்சு அதோட நின்னுடுச்சு.

பௌர்ணமிக்கு முன்னாடி முடிக்கணும். ஏன்னா பௌர்ணமி அன்னிக்கு கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஜனம், வண்டி விட மாட்டாங்க. அதனால முந்தின நாளே எல்லா கடைக்கும் ரெண்டு மடங்கு கேன் இறக்கியாகணும். அன்னிக்கு வண்டி பட்டறையில நின்னா அந்த மாசமே போச்சு. கார்த்திகை தீபம் வந்துட்டா கேக்கவே வேணாம், பத்து நாளும் தூக்கம் கிடையாது.

வேலை ஒரு பகல். ஜாக்கியை மட்டும் நம்பாம சேஸுக்கு அடியில ஸ்டாண்டு குடுத்து, யூ போல்ட்டைக் கழட்டி (கழட்டி எங்க, அறுத்துதான் எடுத்தாங்க, அவ்வளவு துரு), சென்டர் போல்ட்டை எடுத்து, லாரி பட்டை ரெண்டையும் உருவியாச்சு. ரெண்டு பக்கமும் சேர்த்து நாலு. யூ போல்ட் நாலும் புதுசு, சென்டர் போல்ட் ரெண்டும் புதுசு. இதுல கஞ்சத்தனம் கூடாதுன்னு மேஸ்திரி கறாரா சொல்லிட்டாரு, ஒரு தடவை முறுக்கி இழுத்த யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கினா பிடிப்பு நிக்காது. ஒரிஜினல் அளவு ஷாக்கிள், புஷ்ஷு எல்லாம் சேர்த்து சாமான் 2700. கூலி 1500. ஷாக் அப்சார்பர்ல ஒண்ணு எண்ணெய் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வண்டி தூக்கி நின்னதால அது எப்பவும் முழு நீளத்துக்கு இழுத்துக்கிட்டே இருந்திருக்கு, ரப்பர் கிழிஞ்சுபோச்சு. ஜோடியா மாத்தினது 2600. மொத்தம் 6800. மாமா கையில வச்சிருந்தது 7000. மிச்சம் 200க்கு எல்லாருக்கும் பரோட்டா.

அளந்தோம். காலி வண்டி 89. பட்டையால அஞ்சு, ஷாக்கிளால ரெண்டு. அடுத்த நாள் 50 கேன் ஏத்தி அளந்தா 81. முன்னாடி 91 இருந்த இடத்துல! எனக்கே நம்ப முடியல, டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறங்கினது ஏழு சென்டிமீட்டர்தான், ஆனா பட்டை இப்ப அமுங்குது, லோடு ஏற ஏற பாடியே கேனைத் தேடிக் கீழ வருது. கடைசி பத்து கேனை மாமா இடுப்பு வளைக்காம வச்சாரு.

வால்வோட கம்பியை மேஸ்திரி கம்பெனி அளவுக்கு வச்சுக் குடுத்தாரு. நூறு கிலோமீட்டர் ஓடினதும் வந்து யூ போல்ட்டை மறுபடி முறுக்கிக்கச் சொன்னாரு, போனோம். அவர் சொல்லாத ஒண்ணும் இருந்துச்சு. ராத்திரி வேட்டவலம் ரோட்டுல எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறான். பின்பக்கம் இறங்கினதால ஹெட்லைட் மூக்கைத் தூக்கிக்கிச்சு! செவுத்து முன்னாடி நிறுத்தி, ரெண்டு திருகுல சரி பண்ணியாச்சு.

அத்தைக்கு 89ம் உயரம்தான். கம்பெனியே அந்த உயரத்துலதான் விட்டிருக்கான், என்ன பண்றது. 2005ல டாடா ஏஸ் வந்தப்ப நம்மாளுங்க குட்டி யானைன்னு கொஞ்சி வாங்கினதுக்கு அந்தத் தாழ்ந்த பாடியும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். ஏறி இறங்குற பொம்பளைங்களுக்கு அது தெரியும். புது வண்டி வாங்கவா முடியும்? மச்சான் ஒரு வழி பண்ணினான். ரெண்டு படி வச்ச ஒரு சின்ன இரும்பு ஸ்டூல், அடியில ரப்பர், மேல புடிச்சுக்க ஒரு கம்பி. வண்டியில எதையும் வெல்டு வைக்கல, போகும்போது பாடிக்குள்ள கிடக்கும், எந்த பிரிவுலயும் வராது. அவனே பட்டறையில நின்னு செஞ்சு வாங்கினான், 900 ரூபா, அவன் காசு. நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் இறக்கின மாதிரி. உலகத்துலயே மலிவான லோயரிங் கிட் :-)

சூளைக்காரரு ரெண்டு தடவை ஃபோன் பண்ணாரு. மாமா, 'பட்டையைக் கழட்டிட்டேன் அண்ணே, ஒண்ணேகால் டன்னுன்னா வரேன்'னாரு. அதுக்கப்புறம் ஃபோன் இல்ல. ஃபீஸ் கணக்கு இன்னும் இழுபறிதான். மச்சான் தேரடித் தெரு பக்கம் ஒரு மொபைல் கடையில சாயங்காலம் நிக்கிறான்.

உருவின லாரி பட்டை நாலுக்கும் மேஸ்திரி எடைக்குக் காசு தர்றேன்னாரு. அத்தை விடல. லாரி பட்டையில அடிச்ச அருவா மாதிரி எதுவும் நிக்காதுன்னு ஊருக்கே தெரியும். ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் கொல்லன் பட்டறையில குடுத்து அருவாமனை ஒண்ணு, கத்தி ரெண்டு வாங்கியாந்துட்டாங்க. பூசணிக்காய் வெண்ணெய் மாதிரி போகுது. மிச்சம் மூணு பட்டை மாட்டுக் கொட்டாய் ஓரமா சாத்தியிருக்கு. மச்சானுக்கு ஒண்ணு தரேன், ஜிம்முக்கு வச்சுக்கோன்னு மாமா ஓட்டிக்கிட்டிருக்காரு.